பேராலயத்தின் ஜன்னல்களை எண்ணப் போனேன்

ஓய்வுபெற்ற பிறகு பழைய கட்டடங்களின் வரலாறு எழுதி வருகிறேன். ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருடம், கல்முனையிலிருந்து பஸ் ஏறி, நகரத்தில் பழைய ஐரோப்பியக் கொதிக் பாணியில் கட்டிய பேராலயத்தைப் பார்க்கப் போனேன். சூறாவளி கூரையைப் பிடுங்கியும், யுத்தத்தில் ஷெல் விழுந்தும் நிமிர்ந்து நிற்கிற ஆலயம் அது. "கண்ட இடத்தில நிண்டு தூண், ஜன்னல் எண்டு எண்ணாதீங்க" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள்.

தெருவோரம் நின்று, கூர்வளைவு ஜன்னல்களை விரல் நீட்டி எண்ணினேன். பதினொன்று எண்ணியபோது ஒருவன் வந்து என் தொழுகைத் தொப்பியைத் தட்டிவிட்டான்.

"இங்க என்ன பார்க்கிறாய்?"

"ஜன்னல் எத்தனை எண்டு எண்ணுறன், தம்பி."

குண்டு வைக்க வேவு பார்க்கிறேன் என்று நினைக்க அந்தப் பதிலே போதுமாக இருந்தது. முகத்தில் குத்து விழுந்தது. கீழே விழுந்த என்னை நாலைந்து பேர் மிதித்தார்கள். பல் உடைந்து வாயெல்லாம் இரத்தம். ஒருவன் கல்லைத் தூக்கினான்.

ஆலயத்துக்குள்ளிருந்து ஓடிவந்த ஒரு பெண் என் மேல் விழுந்து மறைத்தாள்.

"போடுறதெண்டா என்ட முதுகில போடு."

"அக்கா, உங்கட மகனைக் கொன்ற ஆக்களில ஒருத்தன் இவன்."

"அவனைக் கொன்றவன் அண்டைக்கே குண்டோட வெடிச்சுச் செத்துப்போனான். இந்தக் காக்கா என்னடா செய்தவர்?" முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

அவன் கல்லைக் கீழே போட்டான். அவள் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள்.

ஜன்னல் கணக்கு பதினொன்றோடு நிற்கிறது. குண்டுவெடிப்பில் இறந்தவர்களின் தொகையை அந்நாட்களில் பேப்பர் பார்த்துத் தினமும் கூட்டி வைத்தவன் நான். அதில் ஒருவனுக்குத் தாய் இருந்தாள் என்பது, அவள் உடம்பு என் மேல் நடுங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.