நான் விடாத கயிறு

என் மச்சானின் நெஞ்சு மூச்சுக்குத் தவித்துக் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்? அன்றைக்கு மாதாவிடம் நான் கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். செபக் கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்களிடம் அந்தச் சண்டையைத்தான் சொல்லப்போகிறேன். நான் வாய் ஓயாதவன் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் கஸ்பார், அக்காவைக் கட்டியவர், சங்கு குளித்தவர். காது கெட்டுப்போனதும் கடலை விட்டு, என்னோடு ஃபோம் அடிக்க வந்தார். விசைப்படகில் தளத்துக்கு அடியில் ஐஸும் மீனும் போடுகிற அறைக்குச் சுவர் முழுக்க ஃபோம் அடித்தால்தான் ஐஸ் உருகாது. மெஷின் மேலே இருக்கும். இரண்டு டிரம்மில் இரண்டு கெமிக்கல். மெஷின் சூடாக்கித் தள்ள, கீழே நிற்கிறவர் கையிலுள்ள 'கன்' என்கிற பீச்சுக்குழலில் இரண்டும் கலந்து, சுவரில் பொங்கிப் பிடிக்கும். அப்போது பறக்கிற துகள் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும். அதனால் முகம் மூடிய மாஸ்க், அதற்கு வெளிக்காற்று வரும் தனிக் குழாய்.

அதோடு நான் ஒரு கயிறும் கட்டுவேன். எங்கள் கடற்கரையில் முத்துக் குளித்த காலந்தொட்டு, குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சினன்தான். அக்கா தாலியைத் தன் கையாலே அறுக்க எவன் துணிவான்? மேலே நான் ஒரு இழுப்பு இழுத்தால், கீழேயிருந்து ஒரு இழுப்பு வரவேண்டும். 'இருக்கேன்' என்று அர்த்தம்.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற வாரம். படகுகள் கடலுக்குத் திரும்ப அவசரம். படகுக்காரர் கேலி பண்ணினார்.

"ஏலே, படகுக்கே மாதா பேரு வச்சிருக்கு. மூஞ்சிக்கு மூடி, நெஞ்சுக்குக் கயிறு. மாட்ட எறக்குதியா, மனுசன எறக்குதியா?"

"மனுசனத்தான் அண்ணாச்சி. திரும்ப ஏத்தணும்லா."

மச்சானுக்கே வெட்கம். "மாப்ள, பாக்கவன் சிரிக்கான்லே. கடலுக்கடியிலயே மூச்சப் பிடிச்சவன் நான்."

"சிரிக்கட்டும் மச்சான். கையத் தூக்குங்க." தோள்பட்டையைச் சுற்றி மாட்டிய வாரில் கயிற்றைக் கட்டினேன்.

மத்தியானம் கயிற்றை இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். கனமாக இருந்தது, கயிற்றில் உயிர் இல்லை. உடனே மெஷினை நிறுத்தினேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. கடைசி மூலைக்குக் காற்றுக் குழாய் எட்டவில்லை. மேலே வந்து குழாயை மாற்றாமல், மாஸ்க்கைக் கழற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு அடித்திருக்கிறார். சங்குகுளிக்காரர் செய்கிற தப்பு அது. கடலில் மூச்சு முட்டினால் மேலே வந்து காற்றை வாங்கலாம். இங்கே அவர் வாங்கிய முதல் மூச்சே விஷம்.

"இறங்கிப் பாருலே, நிக்கியே" என்று படகுக்காரர் கத்தினார்.

"மாஸ்க் இல்லாம எறங்குனா ரெண்டு பேரத் தூக்கணும். கயித்தப் பிடிங்க அண்ணாச்சி."

கேலி பண்ணின அதே கை கயிற்றைப் பிடித்தது. இழுக்க இழுக்க மாதாவிடம் சொன்னேன்: "நான் என் பங்குக்குக் கட்டியிருக்கேன். நீ உன் பங்கைச் செய். செய்யாம நான் கோயில் பக்கம் வரமாட்டேன்."

மேலே வந்தார். நெஞ்சில் விசில் சத்தம். உதடு நீலம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் உறுதி எதுவும் சொல்லவில்லை. அக்கா செபமாலையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் கட்டிலருகே நின்று அவர் கைக்குள் என் விரலைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஒன்றுமில்லை. செபித்தேன். இழுத்தேன். செபித்தேன். இழுத்தேன்.

விரலை ஒரு இழுப்பு இழுத்தார்.

'இருக்கேன்.'

சிலர் சொல்கிறார்கள், காப்பாற்றியது கயிறுதானே, மாதா எங்கே வந்தாள் என்று. வேறு சிலர், விசுவாசம் இருந்தால் மாஸ்க் எதற்கு என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நான் அசைய மாட்டேன். என்னைக் கேலிக்கு அஞ்சாமல் கட்ட வைத்தது யார்? அந்த விரலை அசைத்தது யார்?

அந்தக் கெமிக்கல் பக்கமே மச்சான் இனிப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நான் இறங்குகிறேன், என் மனைவியின் தம்பி கயிறு பிடிக்கிறான். மூலைவரை எட்டுகிற குழாய் இல்லையென்றால் வண்டியிலிருந்து மெஷினை இறக்கவே மாட்டேன். மேலே உபரியாக ஒரு மாஸ்க். மெஷினில் அழுத்தத்தை இறக்காமல் கன்னைக் கழற்ற விடமாட்டேன். படகுக்காரர் யாராவது ஒரே தடவையில் தடியாக அடி என்றால், உள்ளே சூடேறித் தீப்பிடிக்கும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. போகட்டும்.

மச்சான் இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறார். நான் படகுக்குள் இறங்குமுன் அந்தக் குரல் கேட்கும். நெஞ்சு நிறைய மூச்செடுத்துக் கூவுகிற குரல்.

உங்களில் யாராவது இன்று இருட்டுக் குழிக்குள் கிடந்தால், வெட்கப்படாமல் கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். இழுத்துப் பாருங்கள். பதில் வரவில்லையா, மறுபடி இழுங்கள். மறுமுனையை மாதா விடமாட்டாள்.