இரண்டாம் தூணுக்கடியில் ஒரு குமிழி

லிபுஷே முப்பத்தெட்டு வருடம் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்றபின், ரயில் நிலையத்தின் பழைய சரக்கறையில் நடக்கும் சின்ன மாதிரி ரயில்களும் ஊர்களும் செய்யும் மன்றத்தில் சேர்ந்தாள். ஆண்கள் எஞ்சினுக்கும் தண்டவாளத்துக்கும் அடித்துக்கொண்டார்கள். மாதிரிக்கு ஆறு, குளம் செய்யும் பக்கம் யாரும் வரவில்லை. இறுகினால் தண்ணீர்போலத் தெரியும் ரெசின் பிசினை இரண்டு புட்டியிலிருந்து சொட்டு மருந்துபோல அளந்து, அவசரப்படாமல் கலக்கி, ஊற்றியபின் குமிழிகளை ஊசியால் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். அதற்கான கை அவளிடம் இருந்தது.

ஒரே குறை, அவள் செய்த ஆறுகளில் கூழாங்கல்லைக்கூட எண்ணிவிடலாம்.

“லிபுஷே அம்மா, இது ஆறா, மீன் தொட்டியா?” என்பான் தண்டவாளப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற போர்ஷெக். “அடி தெரியாத தண்ணியே உங்களுக்கு வராதா?”

“அடி தெரியலேன்னா நீ சிகரெட் துண்டைப் போட்டுட்டுப் போயிடுவே.”

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய கண்காட்சிக்கு, அணைக்குள் மூழ்கிய பள்ளத்தாக்கைச் செய்வதென்று முடிவானது. லிபுஷே பிறந்த பள்ளத்தாக்கு. மன்றத் தலைவர் ஹவ்ரானுக்கு ஒரு விதி உண்டு: மேசைமேல் இருப்பதெல்லாம் ஒரே நாளைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். குறித்த நாளுக்கு இரண்டு வருடம் கழித்து வெளிவந்த பொம்மைக் கார் ஒன்றை, பசை காயுமுன் பிடுங்கி எறிந்தவர் அவர். நிலையத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்து அவர் குறித்த நாள், 1958 ஜூன் 18. எல்லோரோடும் சேர்ந்து லிபுஷேயும் கை தூக்கினாள்.

அதற்கு முந்தின நாள்தான் அவளுடைய அண்ணன் ஓல்டா ரயில் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து விளையாடப் போனான். அவனுக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் அப்பா கேட்டபோது அவள் காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். பதினெட்டாம் தேதி முழுக்க ஊரே காட்டில் புதர் புதராகத் தேடியது. இரவு மழை கொட்டியது. மறுநாள் ஆற்றிலும் தேடிப் பார்க்கப் படகு வந்தபோது ஆறு சேறாகப் புரண்டு ஓடியது. உடல் கிடைக்கவில்லை. ஒன்பது வருடத்தில் அணை கட்டி, அதன்மேல் நாற்பது மீட்டர் தண்ணீரை நிறுத்தினார்கள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பாலத்தடியில் அன்று ஆழம். அடி தெரியக் கூடாது. கரையோரம் வெளிர்பச்சை, நடுவில் கறுப்பு என்று படுகைக்கு வர்ணம் அடித்து, வார்னிஷ் பூசி, ரெசினின் முதல் அடுக்கை ஊற்றினாள். இரண்டு மில்லிமீட்டர்தான். கனமாக ஊற்றினால் சூடேறி வெடித்துவிடும். அடுக்குக்கு ஒரு நாள் காய வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால், பாலத்தின் இரண்டாம் தூணுக்கடியில் ஒரு குமிழி இறுகிப் போயிருந்தது. அடியிலுள்ள பிளாஸ்டரில் காற்று இருந்தால் அப்படி வரும். அதைத் தோண்டியெடுத்துவிட்டு, அங்கே இன்னொரு பூச்சு வார்னிஷ் அடித்து அடுத்த அடுக்கை ஊற்றினாள். அதே இடத்தில் மறுபடியும் குமிழி. மூன்றாவதிலும்.

எத்தனையோ பிணங்களைக் குளிப்பாட்டியவள் அவள். செத்தவர்கள் எதுவும் கேட்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நான்காம் நாள் சாவி கையிலேயே இருக்க, சரக்கறை வாசலில் நின்று பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசி அடுக்கு, கண்காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஊற்றினால் நாற்பது நிமிடத்தில் இறுகத் தொடங்கும். ஊற்றி முடித்ததும் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். உள்ளே அவளே செய்த படகு. அதில் இரண்டு ஆட்கள், கையில் ஆற்றடியைத் துழாவும் நீளமான கழிகள். இடுக்கியால் எடுத்து இரண்டாம் தூணுக்கடியில் வைத்தாள்.

ஹவ்ரான் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “பதினெட்டாம் தேதி அங்க படகு இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப எடுங்க, இறுகிடும்.”

“எல்லாரும் காட்டுல எங்கண்ணனைத் தேடிக்கிட்டிருந்தாங்க. காட்டுக்குப் போனான்னு கையக் காட்டினது நான். அவன் இங்க இருந்தான்.”

போர்ஷெக் கடித்த சாசேஜை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தான்.

ஹவ்ரான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக் குனிந்தார். அவள் தடுக்கவில்லை. அவர் ஒரு கழியின் நுனியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினார்.

“மேலாப்பல நிக்குது. இப்படித் தேடினா என்ன கிடைக்கும்?”

“அவ்வளவுதான் இறங்கும். கீழ எல்லாம் இறுகிப் போச்சு.”

“தெரியும்,” என்று இரண்டாவது கழியையும் அழுத்தினார்.

சனிக்கிழமை காலை குமிழி வந்திருந்தது, கழி நுனிக்குப் பக்கத்தில், கடுகளவு. தோண்டும் கருவி டப்பாவில்தான் இருந்தது. லிபுஷே டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். வெளியே ஆட்கள் குளிரில் காலை உதறிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.