சுவர் வேர்த்த ஐப்பசி

சட்டமன்ற உறுப்பினர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்ற செய்தி ஆவணி முடியும் வாரத்தில் வந்தது. வார்டு உறுப்பினர் தன் செல்போனுக்கு வந்ததை டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். பேரவையில் நிறைவேறிய சட்டங்கள் என்னென்ன, தொகுதியில் முடிந்த பணிகள் என்னென்ன என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது அந்தச் சட்டமன்ற உறுப்பினரின் வழக்கம். எங்கள் மலைப் பகுதியான பைல் நாட்டில் சில ஊர்களுக்கு முன்பே போயிருக்கிறார். எங்கள் ஊருக்குக் கார் வரும்படியான சாலை இந்தச் சித்திரையில்தான் முடிந்தது. அதனால் புரட்டாசியில் எங்கள் முறை வந்தது.

நாள் குறித்து வைப்பது எனக்குப் பழைய பழக்கம். மழை தொடங்கிய நாள், மிளகுக் கொடியில் சரம் விட்ட வாரம், மலைப்பாதைக்குப் பஸ் வராமல் போன கிழமை என்று எழுதி வைப்பேன். அது யாருக்கும் பயன்பட்டதில்லை. இந்த வருடம் எழுதியதை மட்டும் ஒழுங்குபடுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, அந்தச் சுவர் இன்னும் நிற்கும்போதே.

சுவர் சாலையோடு சேர்ந்து வந்தது. மலைச்சரிவை வெட்டி மண் நிரப்பிச் சாலை போட்டார்கள். அந்த மண் கீழே சரியாமலிருக்க ஆள் உயரத்துக்கும் மேலாகத் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். மேலே சாலை, கீழே ஊர்த் திடல். சுவரின் இந்த முனையில் என் வீடு. அந்த முனையில், சுவருக்கு நேர் கீழே, என் தங்கையின் வீடு. ஓட்டு வீடு, மண் சுவர், பலா மரக் கதவு. என் வாசலில் நின்று பார்த்தால் சுவர் முழுவதும் பக்கவாட்டில் நீளமாகத் தெரியும்.

சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகக் குழாய்த் துண்டுகள் பதித்திருந்தார்கள். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கான துளைகள் அவை. ஆடி மழையில் அவை தங்கள் வேலையைச் செய்தன. செந்நிறச் சேற்று நீர் வழிந்து நேராகத் தங்கையின் வாசலுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் சாணம் மெழுகுகிற வாசல் அது. அவளுடைய சுத்தத்தைப் பற்றி ஊரில் கேலியே உண்டு. அவள் வீட்டுக் கோழிகூடக் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரும் என்பார்கள். அவள் சாக்குத் துணியைக் கிழித்துத் துளைகளில் திணித்தாள். அடுத்த மழையில் சாக்கு பிதுங்கி வெளியே வந்தது. மறுபடி திணித்தாள். ஆடி முழுவதும் இப்படியே போனது.

ஆவணியில் செய்தி வந்ததும், உறுப்பினர் செய்து கொடுத்த பணிகளைச் சுவரில் எழுதி வரவேற்க வேண்டும் என்று ஊரில் முடிவானது. பேளுக்குறிச்சியிலிருந்து எழுத்து வேலைக்காரர் ஒருவர் வந்தார். சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் துளைகளைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்கம்மா, இந்த ஓட்டையெல்லாம் இப்படியே உட்டா எழுத்து நொண்டியடிக்கும்ங்க."

"அதையும் சேத்துப் பூசி உட்டுருங்க சாமி" என்றாள் தங்கை. "சாக்கு திணிச்சுத் திணிச்சு என் கை ஓஞ்சு போச்சு."

"அது தண்ணி போறதுக்கு வெச்சதாச்சே, கண்ணு" என்றேன்.

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மச்சான் படிக்கிற பொஸ்தகத்துல செவுருக்கு ஒண்ணுக்கு வரும்னு போட்டிருக்குதாட்ட இருக்குது" என்றார்.

திடலே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சிமெண்ட் குழைத்தாகிவிட்டது. மாலைக்குள் சுவர் ஒரே வெள்ளையாக, ஒரு துளைகூட இல்லாமல், புது வேட்டி விரித்ததுபோல் இருந்தது. மேல் வரியில் உறுப்பினரின் பெயரும் வரவேற்பும். கீழ் வரியில், எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி: தார்ச்சாலை, குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம், தடுப்புச்சுவர், நியாயவிலைக் கடை, தெருவிளக்கு. என் வாசலில் நின்றபடியே அத்தனையையும் படிக்க முடிந்தது.

புரட்டாசி வானம் நம்பக்கூடியதல்ல. கூட்டத்தை உறுப்பினர் சொன்ன நாளில் வைக்கலாமா என்று கோயிலில் பூக் கேட்டார்கள். எங்கள் ஊரில் எதற்கும் அதுதான் முறை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வெள்ளை வந்தது. மாப்பிள்ளை அந்தப் பூவைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து தன் வீட்டு நிலைக்கு மேலே செருகி வைத்தார்.

கூட்டம் புரட்டாசி மூன்றாம் வாரம், புதன்கிழமை நடந்தது. உறுப்பினர் சொன்ன நேரத்துக்கே வந்தார். மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திடலில் போட்ட நாற்காலியில் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் பேசினார்.

"சட்டம்னா சென்னையில எழுதி அங்கியே வெச்சுக்கிற காகிதம்னு நெனைக்காதீங்க. அது உங்க ஊட்டுக் கதவு வரைக்கும் வந்து சேரோணும். வந்துச்சா இல்லியான்னு கேக்கத்தான் நான் வந்திருக்கறன்" என்றார்.

நிலப் பதிவைப் பற்றிய சட்டத் திருத்தம், கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய ஒன்று, உள்ளாட்சி வரியைப் பற்றிய ஒன்று என்று ஒவ்வொன்றாக விளக்கினார். முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி குறுக்கிட்டாள்.

"வரி ஏறுமா எறங்குமா, அத மட்டும் சொல்லு சாமி. சோத்துக்கு நேரமாச்சு."

"ஏறாதுங்க ஆத்தா. ஏறுச்சுன்னா என்னையக் கொண்டாந்து இந்தச் செவுத்துல சாத்தி வெச்சுக் கேளுங்க."

கைதட்டல் எழுந்தது. அவரும் சிரித்துக்கொண்டே பின்னால் கையை நீட்டிச் சுவரைத் தட்டினார். தட்டிய கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் மழை பெய்திருக்கவில்லை. என்னைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கேள்வி கேட்கலாம் என்றபோது எழுந்தேன். துளைகளை அடைத்ததைச் சொன்னேன். வார்டு உறுப்பினர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டமன்ற உறுப்பினர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சுவரருகே போய்க் குனிந்து அங்கங்கே விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"தொறந்துதான் ஆகணும் சார். கடப்பாரையால இடிச்சா செவுரு அதிரும். மெஷினோட ஆள் கூட்டிட்டு அடுத்த வாரம் வர்றேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாம்."

"எழுத்து போயிருமுங்களே" என்றார் வார்டு உறுப்பினர்.

"எழுத்த மறுக்கா எழுதிக்கலாம்" என்றார் உறுப்பினர். போகும்போது என்னிடம் வந்து, "அந்தக் கீழ ஊடு யாருதுங்க?" என்று கேட்டார். தங்கச்சியுடையது என்றேன். என் போன் எண்ணைக் கேட்டுத் தானும் குறித்துக்கொண்டு, பொறியாளரையும் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

மழை அந்தச் சனிக்கிழமையே பிடித்தது. மலைப்பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து பஸ் நின்றது. அதைச் சரிசெய்வதற்குள் இன்னொரு வளைவில் சரிந்தது. இருந்த ஆட்கள், இயந்திரங்கள் எல்லாம் அங்கேதான். பொறியாளர் எனக்குப் போன் செய்தார். பாதை திறந்ததும் வருவதாகவும், அதுவரை அந்த வீட்டில் யாரும் இருக்க வேண்டாம் என்றும் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு உடனே போய்ச் சொன்னேன்.

மாப்பிள்ளை நிலைக்கு மேலே கையைக் காட்டினார். பூ காய்ந்து பழுப்பாகியிருந்தது. "சாமி குடுத்த பூவு மேல இருக்குது மச்சான். எங்க போவச் சொல்றீங்க?"

"மாப்ள, நீங்க பூக் கேட்டது கூட்டத்துக்கு. செவுத்துக்கு யாரு கேட்டா?"

"கூட்டம் எங்க நடந்துச்சு? செவுத்துக்கிட்டதான?"

"அப்ப ஊட்டுக்குன்னு தனியா இன்னொருக்காக் கேளுங்க."

"குடுத்த பூவு நெலையில இருக்கறப்பவே மறுபடி கேட்டா, சாமிய நம்பலைன்னு ஆவாதா?"

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். கெட்டவரோ மூடரோ அல்ல. அந்த வீட்டின் மண் சுவரைத் தானே மிதித்துக் குழைத்துக் கட்டியவர்.

ஐப்பசி பிறந்தது. மழை இடைவெளி விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில்கூட எட்டிப் பார்த்தது. திடல் காய்ந்தது, ஓடு காய்ந்தது, சாலை காய்ந்தது. சுவர் மட்டும் காயவில்லை. கீழிருந்து இடுப்பு உயரம்வரை கறுத்து, எழுத்துகளின் மேல் பொடிப் பொடியாக நீர் முத்து கட்டி நின்றது. தங்கை துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி முத்து கட்டியது.

"ஏனண்ணா, செவுரு வேர்க்குமா?" என்றாள். கேலியாகத்தான் கேட்க நினைத்திருப்பாள். குரல் அப்படி வரவில்லை.

அவளே வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்து வந்தாள். ஓங்கி இடிக்காமல், முனையால் சிமெண்டைச் சுரண்டிச் சுரண்டி, 'தடுப்புச்சுவர்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு துளையைத் திறந்தாள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் என்று இருவரும் ஒதுங்கி நின்றோம். ஒரு சொட்டுகூட வரவில்லை. சிறிது நேரம் கழித்து, துளையிலிருந்து சிவப்புக் களிமண் விரல் தடிமனில் மெதுவாக வெளியே வந்தது. வளைந்து தொங்கி, அறுந்து விழுந்தது. பிறகு இன்னொரு விரல். யாரோ பின்னாலிருந்து நிதானமாகத் தள்ளிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

தங்கை அரிவாளை அங்கேயே போட்டாள். அவள் ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைக்காமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் துணிமூட்டையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை வரவில்லை. மாட்டைக் காரணம் சொன்னார்.

அதன்பிறகு தினமும் காலையில் என் வாசலில் நின்று கீழ் வரியைப் படிப்பது என் வேலையாயிற்று. ஐப்பசி நடுவில் ஒரு நாள், நியாயவிலைக் கடை என்பதன் முதல் சொல் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். சொல் அழியவில்லை. திடலுக்குள் இறங்கி எதிரே நின்றால் அப்படியே இருந்தது. என் வாசலிலிருந்து பார்க்கும்போதுதான் மறைந்தது. அதற்கு முந்தைய சொல் எழுதிய இடத்தில் சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தது. அந்த வயிறு பின்னாலிருந்த சொல்லை மறைத்தது. அடுத்த வாரம் கடையும் மறைந்தது. அதற்கடுத்த மழைக்குப் பின் தெருவிளக்கு.

தங்கை சோறு எடுத்துக்கொண்டு போவாள். வாசல்வரை போகமாட்டாள். திடலில் நின்று, "ஏனுங்க, வாங்க" என்று கூப்பிடுவாள். அவர் வெளியே வந்து தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். இங்கேயே நின்று தின்னுங்கள் என்று அவள் கெஞ்சுவது என் வீடுவரை கேட்கும். அவர் பதில் சொல்வது கேட்காது.

கார்த்திகை முதல் வாரத்தில், காலை மழை ஓய்ந்திருந்தபோது, மாப்பிள்ளை தாமாகவே என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், உங்க இழைப்புளியக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்குங்க மாப்ள?"

"கதவு ஈரத்துல ஊதிப் போச்சாட்ட இருக்குது. ரெண்டு நாளாச் சாத்த மாட்டீங்குது. கொஞ்சம் சீவி உட்டா சரியாயிரும்."

நான் எழுந்தேன். அடுப்படியிலிருந்து தங்கை வந்து வழியில் நின்றாள்.

"அது எங்கப்பன் குடுத்த பலாக் கதவு" என்றாள். "எத்தன மழ பாத்துருக்குது. எப்பவாச்சும் ஊதுச்சா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"மேல ஒட்டுதா, கீழ ஒட்டுதா?"

"மேல ஒட்டுது. கீழ சந்து உட்டுருக்குது. கையி நொழையுது."

"அப்பக் கதவ எதுக்குச் சீவோணும்? நெலவுகாலுதான சாஞ்சிருக்குது."

அவர் நின்ற இடத்திலேயே குந்தினார். நிலையைத் தன் கையால் நிறுத்தியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. இழைப்புளி கேட்டு நடந்து வருகிற வழியெல்லாம்கூடத் தெரிந்துதான் இருந்திருக்கும். வேறொருவர் வாயால் அதைக் கேட்டபிறகு அவர் முகம் தளர்ந்தது.

"பூவு?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"பூவு கூட்டத்துக்குக் குடுத்தது. கூட்டம் நல்லபடியா முடிஞ்சுதுங்களே" என்றாள் தங்கை. அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "சாமி சொன்ன சொல்லு தப்பல. மாட்ட அவுத்துட்டு வாங்க. வேற ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

அவர் போனார். நாங்கள் இருவரும் திடலின் இந்த ஓரத்தில் நின்றோம். மாடு கொட்டகையை விட்டு இழுக்காமலே வந்தது. அவர் மாட்டைத் திடல் நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். தங்கை என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. அவர் வாசலில் ஏறி, நிலைக்கு மேலே கையை விட்டு அந்தக் காய்ந்த பூவை எடுத்தார். கதவைச் சாத்த முயன்றார். அது பாதியில் நின்றது. அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

மதியம் மறுபடி மழை பிடித்தது. மலைப்பாதை இந்த வாரம் திறந்துவிடும் என்று பொறியாளர் போனில் சொன்னார். உறுப்பினரும் ஒருமுறை கூப்பிட்டு, கீழ் வீட்டில் யாரும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்று இப்போதுதான் சொல்ல முடிந்தது.

இதை எழுதும் இந்தக் காலையில் மூவரும் என் வீட்டு முன்னறையில் இருக்கிறோம். மாடு வேப்பமரத்தடியில் கட்டியிருக்கிறது. வாசலில் நின்று பார்த்தேன். தார்ச்சாலை, குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் வரை படிக்க முடிகிறது. அதற்கப்பால் சுவரின் வயிறு மட்டும்தான். அதன் பின்னால், மூடாத கதவோடு, அந்த வீடு இருக்கிறது.