நாற்பத்தொன்றாவது படம்

என் மகள் ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். இப்போது மறுபடியும் அதுதான் ஃபேஷனாம். ரோல் டப்பாவைத் திறந்ததும் அந்த மருந்து வாசனை குப்பென்று வந்தது. "இத எப்பிடிப்பா மாட்டறது?" என்றாள். கேட்க வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள்.

அண்ணாமலை நகர் விடுதியில் என் அறைத்தோழன் ஆரோக்கியத்திடம்தான் கேமரா கற்றேன். கற்றேன் என்பதே ஜாஸ்தி. லென்ஸ் திறப்பு வெயிலுக்கு எஃப் பதினாறு, நிழலுக்கு எஃப் ஐந்தரை சொச்சம் என்று நோட்டில் எழுதி உருப்போட்டேன். "மச்சான், அடுத்த படத்துக்கு லீவரத் தள்றப்பெல்லாம் இடது பக்கத் திருகு சுத்துதான்னு பாரு. சுத்தலன்னா ஃபிலிம் மாட்டலன்னு அர்த்தம்" என்றும் சொன்னான். இத்தனை சின்ன விஷயத்தை யாராவது எழுதுவார்களா? நான் எழுதவில்லை.

அவன் கேமராவை இரவல் வாங்கிக் கடலூர் பஸ் ஏறியது அம்மாவுக்காக. அந்த வாரம் அவளுக்கு ஆபரேஷன். வீட்டில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்த கல்யாணப் படத்தையும் கரையான் தின்றிருந்தது. "நல்லதா ஒண்ணு எடுத்து வையிடா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சின்னா மாட்டறதுக்கு வோணும்ல" என்று காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஈஸ்டர் சேலையோடு கொல்லையில் வந்து நின்றாள். போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது மாதிரி ஒரு விறைப்பு. நானும் விடாமல் எடுத்தேன். முப்பத்தாறு முடிந்த பிறகும் லீவர் தாராளமாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா, ரோல்ல முப்பத்தாறு படம்னுதான் போட்டிருக்கான். இன்னும் ஓடுதும்மா."

"ஓசியில குடுக்கறான், வுடாத, எடு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் நாற்பத்தொன்று. இதைத்தான் பெரிது பண்ண வேண்டும் என்று நோட்டில் வேறு குறித்துக்கொண்டேன்.

சிதம்பரம் ஸ்டுடியோக்காரர் கழுவிய சுருளை வெளிச்சத்தில் பிடித்தார். தலைமுதல் கால்வரை படமே விழாத வெறும் பட்டை. "தம்பி, ஃபிலிம் ஒரு எடம்கூட நகரலயே" என்றார். ஆபரேஷன் அதற்குள் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் அம்மாவின் கட்டிலருகே நின்றேன். "நல்லா வந்துச்சாடா?" என்றாள். நல்லா வந்திருக்கும்மா என்றேன். அவள் வீடு திரும்பவில்லை. அந்தப் பொய்க்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும் மன்னித்திருப்பேனா, அதுவும் தெரியாது.

இதையெல்லாம் கேட்ட மகள், "ஆயா எப்பிடி இருப்பாங்கன்னு சொல்லுப்பா, ஃபோனே படம் போட்டுத் தரும்" என்றாள். என்னைத் தவிர அம்மா முகத்தை அறிந்த கடைசி ஆள் என் சித்தி. அவளும் போன வருஷம் போய்விட்டாள். நான்தான் சொன்னேன். மாநிறம், வட்ட முகம், மூக்குத்தி, காதோரம் நரை. ஃபோன் நான்கு பெண்களைப் போட்டுக் காட்டியது.

"இதுல யாருப்பா ஆயா?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நான் சொன்னது நான்கு பேருக்கும் பொருந்தியது. மேற்கொண்டு சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.