ஒரு நெல்லளவு இறக்கம்

வானகரத்துக் கல்யாணப் பந்தலில், மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால், என் காதில் ஒரு நடுக்கம் கேட்டது. அண்ணன் நாகசுரம் வாசித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒத்து ஊதிக்கொண்டிருந்தேன். ஒத்தும் நாகசுரம் மாதிரியான குழல்தான். ஒரே சுரத்தை விடாமல் பிடித்து நிற்கும். ஒத்துக்காரன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்கு அது வசதியாக இருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓடிக்கொண்டிருந்த சண்டைக் காலம் அது.

இரண்டு குழலும் ஒரே சுருதியில் இருந்தால் சத்தம் ஆடாமல் நிற்கும். ஒன்று மயிரிழை விலகினாலும், ஒருசமயம் இரண்டும் சேர்ந்து பலக்கும், ஒருசமயம் ஒன்றையொன்று அமுக்கும். அதுதான் அந்த நடுக்கம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இதைக் காதுதான் எனக்குச் சொன்னது. நாணலில் செய்த சீவாளி வாயில் அதிர்ந்தால்தான் குழலுக்குள் இருக்கும் காற்று அதிரும். அதற்கு மூச்சு பலமாகத் தள்ள வேண்டும். தள்ளுவது குறைந்தால் சுருதி இறங்கிவிடும். அன்று இறங்கியது அண்ணனுடைய சுருதி.

சுருதி நிற்காத நாகசுரக்காரரை அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? அவர் ராகத்தை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், என் சீவாளியை ஒரு நெல்லளவு வெளியே இழுத்தேன். குழல் நீண்டால் சத்தம் தாழும். நடுக்கம் நின்றது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

பந்தியில் தவில்காரர் மட்டும் கேட்டார்: "இன்னா மாமே, இன்னிக்கு வாசிப்பு தாழ்ந்துகினே போற மாதிரி கீதே?"

"நீ தவுல வெயில்ல வெச்சுகினு நின்னே. தோலு இறுகி அது ஏறிக்கீது," என்றார் அண்ணன். "அதுக்குக் கொஞ்சம் ரசம் ஊத்து."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறு மாதம் இப்படியே போயிற்று. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அவர் இறங்கினார், நானும் கூடவே இறங்கினேன். கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் வீட்டில் இரத்தமாக இருமினார். பட்டணத்து டாக்டர் மார்பைத் தட்டிக் கேட்டுவிட்டு, ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். ஐப்பசி வரைக்கும்தான் அண்ணன் இருந்தார்.

காரியம் முடிந்த அன்று அண்ணி கேட்டார்: "கூடவே இருந்தியே தம்பி, உனக்குக்கூடத் தெரியலியா?"

அவரே என்னைத் தேற்றினார்.

"உனக்கு எப்பிடித் தெரியும், பாவம். ஒரே சத்தத்த ஊதிகினு ஓரமா இருக்கிறவன்."

இன்றைக்கும் அவர் கையால்தான் சாப்பிடுகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.