ஐம்பத்திரண்டுக்குக் குறையாது

கஞ்சி போட்ட புதுச் சேலை வெயிலில் சூடேறும்போது ஒரு வாசம் வரும் பாருங்கள்... சோறு வடித்த வாசமும் சாய வாசமும் கலந்த மாதிரி. எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்-மோகனூர் பஸ்ஸில், என் மடியில் இருந்த மூட்டையிலிருந்து அந்த வாசம்தான் வரும். சர்க்கரை ஆலையைத் தாண்டும்போது கரும்புப் பாகு வாசமும் சேர்ந்துகொள்ளும்.

"யக்கா, உங்க மூட்டை ஏறுனா பஸ்ஸுக்குள்ளயே பொங்கல் வெச்சாப்புல இருக்குதுங்க" என்பார் கண்டக்டர்.

அப்போது கடை கிடையாது. நானும் மூட்டையும்தான். வீடு வீடாகப் போய் விரிப்பேன்.

வாய் கேட்கிற சேலையைப் பார்க்கக் கூடாது, கை முதலில் எதைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்... இது அந்த வியாபாரம் சொல்லிக்கொடுத்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களின் கை கிளிப்பச்சைக்குப் போகும். வாய் மூக்குப்பொடிக் கலர் கேட்கும்.

மோகனூர் பாவாயக்காவும் அப்படித்தான். வயது ஐம்பத்திரண்டு. மூன்று மகன்கள், இரண்டு மருமகள்கள், தொழுவம் நிறைய மாடு. அரக்கு பார்டர் போட்ட மாம்பழ மஞ்சள் ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குது அம்மிணி. இந்த வயசுல இதக் கட்டிக்கிட்டுத் தொழுவத்துக்குப் போனா, மாடு கவுத்த அறுத்துக்கிட்டு ஓடிப்போயிரும்."

வாங்கியது என்னவோ மூக்குப்பொடிக் கலர்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசு ஆறவில்லை. சேலை மடிப்புக்குள் வைத்து வரும் அட்டையை உருவி, அதில் எழுத ஆரம்பித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி தனக்கென்று முதல் தடவையாக மஞ்சள் சேலை எடுக்கிறாள், அதைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. எட்டாவது வரை படித்த எனக்கு அதற்கு மேல் ஜோடிக்கத் தெரியாது.

அடுத்த முறை போனபோது அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், விரலை நீட்டினார்.

"பேர வேணா மாத்திக்க. வயசக் கொறச்சுப்போடாத. அம்பத்திரெண்டு வருசமும் நான் கஷ்டப்பட்டுச் சேத்தது."

சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டு, மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கதையை அனுப்பினேன். பதினைந்து நாளில் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. கதை பிடித்திருக்கிறதாம். நாயகிக்கு இருபத்தைந்து வயது என்று மாற்றிக்கொடுத்தால் போட்டுவிடுவாராம்.

இருபத்தைந்து வயதுப் பெண் மஞ்சள் சேலை எடுத்தால் அதில் என்னய்யா கதை இருக்கிறது? எடுப்பாள், கட்டுவாள், போவாள்!

முடியாது என்று கார்டு போட்டேன். "முப்பத்தைந்து?" என்று பதில் வந்தது. மறுபடியும் முடியாது என்றேன். "நாற்பது. இதற்கு மேல் எங்கள் வாசகர்கள் தாங்க மாட்டார்கள்."

அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் தப்பு எனக்கே உறைத்தது. எடுத்ததுமே கடைசி விலையைச் சொல்லிவிட்டேன்! மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தால் என்றைக்காவது அப்படிச் செய்திருப்பேனா? எழுத்து என்றதும் புத்தி மழுங்கிவிட்டது.

ரெண்டு மத்தியானம் உட்கார்ந்து கதையை முழுசாகத் திரும்ப எழுதினேன். கூடவே ஒரு கடிதம். "ஐயா, தவறுக்கு மன்னிக்கவும். நாயகிக்கு அறுபத்தெட்டு வயது. முன்பல் இரண்டு இல்லை. திருத்திய பிரதி இத்துடன் உள்ளது. இதில் ஒரு வயதுகூடக் குறைக்க இயலாது."

பதில் ஒரே வாரத்தில் வந்தது. "அம்மையீர், பழைய பிரதியே போதும். ஐம்பத்திரண்டாகவே இருக்கட்டும். பல்லும் இருக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டில் வைத்து அதைப் படித்தவள், சுற்றி ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தேன்.

கதை வந்தது. படம் போட்டவர் மட்டும் பேரத்துக்குக் கட்டுப்படவில்லை. கொடி இடை, இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், வயது இருபதுகூட இருக்காது. பாவாயக்கா பத்திரிகையை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"இது ஆரு அம்மிணி?"

"நீங்கதானுங்கக்கா."

"என்ற ஊட்டுக்காரர் கண்ணுல காட்டிப்போடாத. எங்க அவ, எங்க அவன்னு தேட ஆரம்பிச்சுருவாரு!"

கதையைப் படித்துக் காட்டினேன். 'ஐம்பத்திரண்டு' வந்த இடத்தில் கையமர்த்தினார்.

"அந்த எடத்த இன்னொருக்காப் படி."

படித்தேன். அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அந்த மஞ்சளு... வித்துப்போட்டியா?"

சரக்கை நிறுத்தி வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்டவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆனாலும் அந்த ஒரு சேலை மட்டும் நாலு மாதமாக மூட்டைக்கு அடியிலேயே கிடந்தது. உருவிக் கொடுத்தேன். அன்று மாடு ஒன்றும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு நிறைய எழுதினேன். எல்லாம் ஐம்பதும் அறுபதும் ஆன பெண்கள்தான். ஒவ்வொருத்தியையும் பத்துப் பதினைந்து வயது ஏற்றித்தான் அனுப்புவேன். பேசிப் பேசி, நான் நினைத்த இடத்தில் வந்து நிற்கும்.

இப்போது எனக்கே எண்பது ஆகப்போகிறது. கடையை மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் போனில் ஒரு விரலால் எழுதி, ஒரு பட்டனை அமுக்கினால் கதை உங்களிடம் வந்துவிடுகிறது. போஸ்ட்மேனை எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டியதில்லை. சவுகரியம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நாயகிக்கு என்ன வயது என்று யாருமே கேட்பதில்லை. ஹார்ட் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிற கஸ்டமரிடம் எனக்கு என்றைக்குமே சுவாரசியம் இருந்ததில்லை.

புதுக் கதை ஒன்று தயாராக இருக்கிறது. நாயகிக்குத் தொண்ணூற்றைந்து வயது. யாராவது ஒருத்தர், "ரொம்ப ஜாஸ்திங்க" என்று ஆரம்பியுங்களேன்... எழுபத்தெட்டில் முடித்துக்கொள்ளலாம்.