சேணம் போட்ட வெள்ளைக் குதிரை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதுளை பஜாரில் மூன்று மாடியில் ஓர் இரும்புக்கடை நிற்கிறதே, அது நான் எழுப்பியது. இரண்டு தடவை மண் சரிந்த இடத்தில் மூன்றாம் தடவையும் வீடு கட்டினேன். இன்றைக்கும் அதில்தான் தூங்குகிறேன். நமுனுகுல ரோட்டில் என் லொறிகள் ஓடுகின்றன. பிறந்த தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கோபுரம் வைக்க ஆளில்லை என்றார்கள், வைத்தேன். பெண்பிள்ளைகளுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு முன்னால் மூன்று மகள்களையும் டீச்சராக்கினேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் முதலில், கால்சட்டை போட்ட வயதிலேயே, நான் கல்லால் ஒரு குதிரையைக் கட்டினேன் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்கு முந்திய காலம் அது. எங்கள் தோட்டத்துப் பெரிய துரை வெள்ளைக்காரர். அவருடைய பங்களாவுக்கு நேர் எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு மொட்டை மலை. தேயிலை பிடிக்காது. மானாப்புல் மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும்.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், துரை படம் போட்ட ஒரு தபால் அட்டையைத் தூக்கிக் காட்டினார். அவருடைய தாயார் கப்பலில் வருகிறாராம். இங்கே இருக்கலாமா, அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விடலாமா என்று பார்க்கத்தான் வருகிறாராம். அவர்கள் ஊரில் ஒரு குன்று, குன்றின் மேல் வெள்ளையாக ஒரு குதிரை. அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர் அந்த அம்மா.

“அந்த மாதிரி இந்த மலையில குதிரை வேணும். நான் கொழும்பு போய் வாரதுக்குள்ள வேணும். யாரு செய்யிறது?” என்றார் துரை.

“நான் செய்யிறேங்க!” என்று முதலில் கத்தியது என் தாய்மாமா.

மாமா அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. அவருக்கு என் அக்காளைக் கட்டிக்கொள்ள ஆசை. முறைமாமன்தான், அம்மாவுக்கும் சம்மதம். அப்பா மட்டும் விடவில்லை. மாமா திருவிழாவுக்குக் கோயில் சுவரில் சாமி படம் போடுவார். மற்ற நாட்களில் படம் போடுவதைப் பற்றிப் பேசுவார். “செவத்துல கிறுக்குறவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது. தொர வாயால ஒரு தடவ இவன நல்லவன்னு சொல்லட்டும், அப்புறம் பாப்போம்” என்று அப்பா தீர்த்துச் சொல்லியிருந்தார். துரை யாரையும் நல்லவன் என்று சொன்னதாக அதுவரை சரித்திரம் இல்லை.

தபால் அட்டையை நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுவந்து எல்லோரும் கூடிப் பார்த்தோம். பச்சைக் குன்றில் நாலைந்து வெள்ளைக் கோடுகள். இரண்டு கால் உடம்போடு ஒட்டவேயில்லை. மூஞ்சி கொக்கு மாதிரி இருந்தது.

“பாவம், பாதியில விட்டுட்டாய்ங்க போல,” என்றாள் என் அம்மா.

“வெள்ளைக்காரன் மழைக்குப் பயந்து எறங்கி ஓடியிருப்பான். நாம முழுசா முடிச்சுக் குடுப்போம்க்கா,” என்றார் மாமா.

முழுசான குதிரை என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோயிலில் அய்யனாருக்கு நிற்கிற குதிரை. நாலு காலும் ஊன்றி, கழுத்தில் மணி கட்டி, முதுகில் சேணம் போட்டு நிற்கும். அதையே செய்வதென்று முடிவாயிற்று.

துரையின் ஊரில் புல்லை வெட்டினால் அடியில் வெள்ளையாக வருமாம். எங்கள் மலையை வெட்டினால் சிவப்பு மண்தான் வந்தது. அதனால் புல்லைச் செதுக்கி, ஓடைக் கல்லை அடுக்கி, மேலே சுண்ணாம்பு அடித்தோம். ஆனால் மலையில் நின்றுகொண்டு பார்த்தால் எது கால், எது வயிறு என்று ஒருவருக்கும் தெரியாது. எதிர்ப்பக்கம் நின்று யாராவது சொல்ல வேண்டும். ஓடை தாண்டிக் கேட்கிற தொண்டை தோட்டத்திலேயே எனக்குத்தான் இருந்தது. பங்களா வேலிக்குக் கீழே ஒரு பாறையில் மாமா என்னை ஏற்றிவிட்டார்.

அதன் பிறகு நான் சொன்னதுதான் சட்டம்.

“முன்னங்கால நீட்டுங்க! இன்னும்! அது காலா, கருவேப்பில குச்சியா?”

“டேய், நான் எங்கடா நிக்கிறேன்?” என்று கேட்பாள் கொழுந்து பறிக்கிற ஒருத்தி.

“நீங்க வயித்துல நிக்கிறீங்கக்கா! நகருங்க, குதிரைக்கு வலிக்கும்!”

“மூக்கு ஒழுகுறப்பவே ஒனக்குக் கங்காணி நெனப்பாடா?”

எல்லோரையும் வேலை வாங்குகிற கங்காணியே என் பேச்சைக் கேட்டுக் கல்லை நகர்த்தினார். அப்பாவும் நகர்த்தினார். வாழ்நாளில் அவர் என் பேச்சைக் கேட்டது அந்த நாட்களில்தான்.

துரை தாயாரோடு வந்து இறங்கிய நாள், தோட்டமே மொட்டை மலையில் வரிசையாக நின்றது. “நீ அங்கேயே நில்லு, ஏதாச்சும் கோணலா தெரிஞ்சா கத்து,” என்று மாமா சொல்லியிருந்ததால் நான் மட்டும் பாறையில் நின்றேன். பங்களா வாசலுக்கு வந்த துரை எதிரே பார்த்தார். முகம் செம்பருத்தி நிறத்துக்குப் போயிற்று.

“எவன்டா சேணம் போட்டது? எங்க குதிரைக்குச் சேணம் கெடையாது!” என்று என் தலைக்கு மேலே நின்று கத்தினார். “மணி எதுக்கு? எல்லாம் புடுங்கு!”

தாயாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஓடையைச் சுற்றி அந்த மலைக்கே போனார். அங்கே பேசியதெல்லாம் பிறகு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். துரை கத்த, மாமா கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, “பொண்ணு பேச்சு இதோட சரி,” என்று லயத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாராம்.

அந்த நேரத்தில் கிழவி ஒரு காரியம் செய்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சரிவில் ஏறினார். வெள்ளைக் கல்லுக்கு நடுவே அந்த நல்ல கவுனோடு மண்டி போட்டார். கல்லிடுக்கில் மிச்சமிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். பெண்கள் பதறிப்போய், “அய்யோ, விடுங்கம்மா, நாங்க புடுங்குறோம்,” என்று ஓடினார்கள். அவர் நிறுத்தவில்லை.

பாறையில் நின்ற எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நாங்கள் செதுக்கினது போதாதென்று குற்றம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். போதாததற்கு என் குதிரையும் கெட்டுப்போயிற்று. நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

“அந்தக் கெழவிய எந்திரிக்கச் சொல்லுங்க! வயித்துல உக்காந்திருக்கு! குதிரை சினையா இருக்கிற மாதிரி தெரியுது!”

மலை முழுக்கக் கேட்டது. எதிரொலி வேறு அதை இரண்டாம் தடவை சொன்னது. துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தாயார் நிமிர்ந்து என்னைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று மகனிடம் கேட்டாராம். துரை தயங்கித் தயங்கிச் சொன்னாராம். அவ்வளவுதான். கிழவி சிரித்த சிரிப்பு ஓடை தாண்டி என் காதுக்கு வந்தது. கப்பலில் இறங்கியதிலிருந்து ஒரு பேச்சுப் பேசாமல் வந்தவர், சுண்ணாம்புக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அப்புறம் சேணத்தைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார்.

“அம்மாவுக்குப் புடிச்சிருக்கு. சேணம் இருக்கட்டும்னு சொல்றா,” என்று துரை இறங்கிப் போன குரலில் சொன்னார். “வருஷா வருஷம் செய்வியான்னு கேக்குறா.”

“உசுரு உள்ள மட்டும் செய்யிறேங்க,” என்றார் மாமா.

துரை, நடந்து போய்க்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். “ஒன் மச்சான் நல்லவன்,” என்றார்.

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் கல்யாணம். அக்காவுக்கும் மாமாவுக்கும் எனக்கும் அந்தக் கல்யாணச் சாப்பாட்டில் சமபங்கு உரிமை என்று நான் இன்றைக்கும் சொல்வேன். கிழவி கப்பல் ஏறவில்லை. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிற நாளில் முதல் ஆளாக வந்து மண்டி போடுவார். நாங்கள் குதிரைக் காலடியில் சூடம் ஏற்றும்போது காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்பார். அவ்வளவு பெரிய மனுஷி ஏன் புல்லுப் பிடுங்க வேண்டும் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. சீமையில் வேலைக்காரர் கிடைக்காத வீடு போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் பேரன் என்னை இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குன்றைக் காட்டினான். நமுனுகுல மலையைப் பார்த்த கண்ணுக்கு அது மலையே இல்லை. காற்றுதான் ஆளைத் தள்ளியது. கீழே கட்டம் கட்டமாகப் பச்சை வயல், செம்மறி ஆடு, ஒரு கல் மாதாகோயில். மேலே சனங்கள், கிழவர்களும் பிள்ளைகளுமாக, வெள்ளைக் கோட்டின் மேல் மண்டி போட்டுச் சுத்தியலால் சுண்ணாம்பை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு இல்லை. “கொஞ்ச வருஷம் விட்டா புல்லு மூடிரும் தாத்தா. ஆயிரக்கணக்கான வருஷமா ஊர்க்காரங்க இப்படி வந்து வந்துதான் காப்பாத்துறாங்க,” என்றான் பேரன். நானும் ஒரு சுத்தியலை வாங்கிக்கொண்டு முட்டி வலிக்க மண்டி போட்டேன். அப்போதுதான் புரிந்தது. கிழவி குற்றம் பிடிக்கவில்லை. தன் ஊரில் சின்னப் பிள்ளையாகச் செய்ததை எங்கள் மலையிலும் செய்தார். எங்கள் குதிரையைத் தன் குதிரை என்று ஒத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது.

கிட்டே நின்றால் அங்கேயும் உருவம் தெரியவில்லை. அந்தக் காலத்திலும் எவனோ ஒரு பயல் தூரத்தில் நின்று கத்தியிருக்க வேண்டும். யார் செய்ததென்று தெரியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அது நியாயம். தெரியாததைத் தெரியாது என்றார்கள்.

இப்போது எங்கள் மலையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள் என்று யாரோ அடிவாரத்தில் புதுசாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். மூன்று மொழியிலும் ‘வெள்ளைக்காரத் துரை அமைத்த குதிரை’ என்று போட்டிருக்கிறது. பேத்தியை விட்டு மூன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். துரை அன்றைக்குக் கொழும்பில் இருந்தார். கல்லை அடுக்கியது தோட்டத்துச் சனம், உருவம் சொன்னது என் மாமா, எதிரே நின்று அதை நேராக்கியது நான். பலகையில் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறார்கள். எழுதச் சொல்லுங்கள். இங்கே செய்தவன் ஒருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான், கேட்டால் சொல்வான்.